கன்ட்ரி பாட்டுக் கேட்க நீர்வேலிக்குப் போன ஞாயிறு

யாழ்ப்பாணத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் எனக்கு அடிக்கடி எழுதிக் கேட்பது ஒன்று உண்டு. ஒரே நாளில் சைக்கிளில் போய்வரக்கூடிய, கடலும் தோட்டமும் இரண்டும் பார்க்கக்கூடிய பாதை எது? நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறேன். குருநகரில் தொடங்கி, மருதனார்மடம் வழியாக நீர்வேலிக்குப் போங்கள். திரும்பும்போது கோப்பாய் வழியாக வாருங்கள். வரைபடத்தைப் பார்த்த சிலர் விடுவதில்லை. கோப்பாய் வழியாக நேரே போனால் பன்னிரண்டு கிலோமீற்றர்தானே, எதற்காக மருதனார்மடம் சுற்றிப் பதினேழு கிலோமீற்றர் மிதிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சுற்றுவழி எனக்குப் பழக்கமானது 1992 டிசம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று. அன்று நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. ரேடியோ கேட்கப் போனோம்.

ரேடியோ கேட்க யாராவது பதினேழு கிலோமீற்றர் போவார்களா என்று சிரிக்கிறவர்களுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்தத்தால் மின்சாரம் நின்று இரண்டு வருடம் தாண்டியிருந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். கள்ளமாக வந்தாலும் எங்களைப் போன்றவர்கள் கிட்டப் போக முடியாத விலை. ஆகவே பாட்டோ செய்தியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்துவோம். டைனமோவை ரயரில் முட்டவைத்து, அதிலிருந்து வயரை இழுத்து ரேடியோவில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுகிற கை நின்றால் அடுத்த கணமே ரேடியோவும் நின்றுவிடும். வீட்டில் யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் செய்தி நேரத்தில் அவர்களிடம் பெடலைக் கொடுத்துவிடுவது வழக்கம்.

இனி அந்த ஆண்டின் கதை. 1992 என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்கு அது ஒரு பெரிய ஆண்டு என்று எழுதியிருப்பார்கள். அதுவரை நாட்டுப்புறத்தார் பாட்டு என்று மூக்கைச் சுளித்த நகரத்துப் பிள்ளைகள்கூட அகலத் தொப்பி போட்டு, வரிசையாக நின்று ஆடத் தொடங்கிய காலம். உலகத்தின் அந்த மூலையில் நடந்த இந்தக் கூத்தை நாங்கள் இந்த மூலையில் ஒரு சைக்கிள் பெடலின் தயவில் கேட்டுக்கொண்டிருந்தோம். சிற்றலையில் வரும் ஓர் ஆங்கில நிலையம், ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் கன்ட்ரி பாட்டுப் போடும். நடுவில் நேயர்கள் எழுதியனுப்பிய வாழ்த்துகளை வாசிப்பார்கள். நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அது இப்போது இல்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவன் ஜூட். என் வகுப்புத் தோழன், குருநகர்க் கடற்கரையில் பிறந்தவன். நான் உடுவிலில் வெங்காயமும் புகையிலையும் போடுகிற வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் பாட்டென்றால் தேவாரம், மிஞ்சினால் சினிமாப் பாட்டு. அவன் ஞாயிறு பூசையில் கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பான். பின்னேரம் அதே கிற்றாரில் கன்ட்ரி வாசிப்பான். ரயில், மழை, தூரத்து வீடு, விட்டுப்போன பெண். இவ்வளவுதான் அந்தப் பாட்டுகளின் சங்கதி. ரயிலே நின்றுபோன ஊரில் இருந்துகொண்டு நாங்கள் ரயில் பாட்டாகப் பாடித் தள்ளினோம். கிற்றார்க் கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து ஓர் இழையை எடுத்துக் கட்டுவோம். சத்தம் கொஞ்சம் கரகரக்கும், அந்தப் பாட்டுகளுக்கு அது நன்றாகவே பொருந்தியது.

1991 நடுப்பகுதியில் ஜூட் வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். கொழும்பு, அங்கிருந்து மொஸ்கோ, அதற்கப்பால் ஏஜென்சிக்காரன் விட்ட வழி. போகும்போது தகப்பனிடம் ஓர் ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனான். கடிதங்கள் வந்து சேரும் என்று நம்ப முடியாது. ஆனால் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒரு தபாலட்டை போடுவேன், என் பெயரை வாசிப்பார்கள், கேட்டுக்கொண்டிருங்கள் என்றான். தகப்பன் மரியநாயகம் ஐயா ஆங்கிலம் தெரியாதவர். கடலில் தொழில். அந்தக் காலத்தில் கடற்படை ஆழக்கடலுக்குப் போக விடாது என்பதால் கரையோரத்தில் வலை போட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மகனின் பெயர் எந்தப் பாஷையில் வந்தாலும் எனக்குத் தெரியும் என்று சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். பிறகு ஒரு நாள் ஷெல் விழுந்து அவர்கள் வீட்டின் பாதியும் ரேடியோவும் போயின. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1992 ஒக்ரோபரில், கொழும்புப் பக்கமிருந்து கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்த ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஜூட் போன குழு, போன மாரியில், போலந்துக்கும் ஜேர்மனிக்கும் நடுவில் ஓடும் ஓர் ஆற்றைக் கடக்கப் பார்த்ததாம். தண்ணீர் பனிக்கட்டி போல இருந்ததாம். இரண்டு பொடியன்கள் ஆற்றோடு போய்விட்டார்களாம். எந்த இரண்டு பேர் என்று அவருக்குத் தெரியவில்லை. குழுவில் வேறு யார் இருந்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்றும் தெரியவில்லை. செய்தியை இறக்கிவைத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து ஜூட்டின் தாய் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், ஐயா உட்காருவதைக் குறைத்துக்கொண்டார்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு நான் நீர்வேலியில் இருந்தேன். அங்கே கதிரவேலு அண்ணை என்றொரு வாழைத் தோட்டக்காரர். அவரிடம் எட்டு அலைவரிசை எடுக்கும் ஜப்பான் ரேடியோ ஒன்று இருந்தது. அந்த ஞாயிறு நிகழ்ச்சியில் ஓர் அறிவித்தல் வந்தது. இந்த ஆண்டு கன்ட்ரி இசைக்கு வந்த மவுசில் தபால் மலைபோலக் குவிந்துவிட்டது, வாரம் பத்துப் பெயர் வாசித்து முடிக்க முடியாது, ஆகவே அடுத்த ஞாயிறு பாட்டைக் குறைத்துவிட்டு, இந்த ஆண்டு எழுதிய அத்தனை பேரின் பெயரையும் ஊரையும் வாசிக்கப் போகிறோம் என்றார்கள். ஜூட்டின் பெயர் வருமா என்பது மட்டுமல்ல கேள்வி, எந்த ஊரிலிருந்து எழுதினான் என்பதுதான் பெரிய கேள்வி. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஊர் என்றால் அது கடப்பதற்கு முன்னர் போட்ட அட்டை, அதனால் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்து ஜேர்மன் ஊர் என்றால் அவன் உயிரோடு கரையேறிவிட்டான்.

சனிக்கிழமை பின்னேரம் குருநகருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று. ஞாயிறு பூசையை அவர் தவறவிட்டதில்லை. பாதிரியாரிடம் போய்ச் சொல்ல, பூசையில் உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாராம். தாய் வரவில்லை. நல்ல செய்தியென்றால் வேகமாக வந்து சொல்லுங்கள், மற்றதென்றால் மெதுவாக வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு நானும் அங்கேயே தங்கி, காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். மூன்று பேர், இரண்டு சைக்கிள். ஐயாவின் கரியரில் அவருடைய மகள் றெஜினா. ஜூட்டுக்கு இரண்டு வயது இளையவள், பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயக்காரி, என்னைவிட வேகமாக மிதிக்கக்கூடியவள். தன் சைக்கிளைக் கூரைத் தகரத்துக்கும் அரிசிக்கும் விற்றுவிட்டு இப்படிப் பின்னால் உட்கார வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல். இரவு முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. பட்டணத்துக்குள் இரண்டு கிலோமீற்றர் வரும்வரை ஒரு சனமும் இல்லை. ஆஸ்பத்திரி வீதி தாண்டிக் காங்கேசன்துறை வீதியில் ஏறிய பிறகு ஒரே ஒரு மினிபஸ் எங்களைக் கடந்து போனது. பெற்றோல் இல்லாத காலம், மண்ணெண்ணெயில் ஓடும். அது விட்டுப்போன புகையில் கண் எரிந்தது.

மருதனார்மடம் பட்டணத்திலிருந்து ஒன்பது கிலோமீற்றர். இணுவில் வரைக்கும் வீதி பரவாயில்லை, அதற்கப்பால் குழிகளைத் தண்ணீர் மூடியிருந்ததால் எது வீதி எது குளம் என்று தெரியவில்லை. ஐயா ஒரு குழியையும் பார்த்து ஓட்டவில்லை. பின்னால் இருந்த றெஜினா ஒவ்வொரு குழிக்கும் ஒரு தடவை துள்ளி விழுந்தாள். கொஞ்சம் மெதுவாக என்றால், இருட்டிலே கடலில் வழி கண்டுபிடிக்கிற எனக்கு வீதி சொல்லித்தராதே என்கிறார். நான் முன்னால் போய் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்கும் மெதுவாகப் போக முடியவில்லை என்பதுதான் உண்மை.

சுற்றுவழியின் காரணம் இங்கே வருகிறது. கதிரவேலு அண்ணையின் டைனமோ தேய்ந்துவிட்டது, வேறு டைனமோ கொண்டுவந்தால்தான் ரேடியோ என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். மருதனார்மடம் சந்தையடியில் பழைய சைக்கிள் சாமான் விற்கும் ஒருவர் ஞாயிறு விடியவே ஒன்று எடுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர ஆறே முக்கால். மரக்கறி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன, ஆஞ்சநேயர் கோயிலில் மணி கேட்டது, கடைக்காரரைக் காணவில்லை. இருபத்தைந்து நிமிடம் அந்தச் சந்தியில் நின்ற நிலையை நான் எந்த எதிரிக்கும் விரும்பமாட்டேன். ஐயா நடந்தார். சந்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அங்கிருந்து இங்கே. கத்தரிக்காய் விற்ற அம்மா ஒருவர் இவருக்கு ஏதோ வயிற்றுக்குத்து என்று நினைத்து இஞ்சித் தேநீர் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

கடைக்காரர் வந்தார். டைனமோ 275 ரூபா. நல்ல சாமான், ஸ்பிறிங் மட்டும் கொஞ்சம் தளர்வு, கையால் அமத்திப் பிடித்தால் அசல் வேலை செய்யும் என்றார். அமத்திப் பிடிக்க ஆள் இருக்கிறது என்று றெஜினா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து கிழக்கே திரும்பி உரும்பிராய்க்கு மூன்றரைக் கிலோமீற்றர், உரும்பிராயிலிருந்து நீர்வேலிக்கு இன்னும் மூன்று. இந்தப் பகுதிதான் பாதையிலேயே அழகானது என்று இன்று வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இரு பக்கமும் செம்மண், வெங்காயப் பாத்திகள், பிறகு வாழை, வாழைக்குப் பின்னால் வாழை. அன்று அதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. செம்மண் சேறு சைக்கிள் மட்காட்டுக்குள் அப்பிக்கொண்டு சில்லைச் சுற்றவிடாமல் பண்ணியது மட்டும் ஞாபகம். எட்டு மணியாக ஏழு நிமிடம் இருக்கும்போது கதிரவேலு அண்ணையின் படலையைத் தள்ளினோம்.

கதிரவேலு அண்ணைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது, கன்ட்ரி பாட்டென்றால் உயிர். இதைவிட இன்னும் ஒன்றின்மேல் உயிர், அது அந்த ரேடியோ. அதற்குத் துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தார். கிணற்றுத் துலாக்காலில் தொடங்கி மூலைப் பனைவரைக்கும் செப்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டியிருந்தார், மழை நாளில் அந்தக் கம்பியில் காகம் இருந்தாலும் விரட்டுவார். பாட்டு விளங்காமல் எப்படி ரசிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தேன். விளங்க என்ன இருக்கிறது, உவங்கள் எல்லாரும் தோட்டம் அழிந்த கதையைத்தான் பாடுகிறார்கள், குரலிலே தெரியவில்லையா என்று திருப்பிக் கேட்டார். பாதி சரிதான்.

ஐயாவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். றெஜினா சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இரண்டு பெருவிரலாலும் டைனமோவை ரயரோடு அமத்தினாள். நான் ரேடியோவுக்கு அருகில், காதை ஒலிபெருக்கியில் ஒட்டவைத்தபடி. கதிரவேலு அண்ணை குமிழைப் பிடித்துக்கொண்டார்.

"ஐசே, ஆரும் உந்தக் குமிழிலை கை வைக்கக் கூடாது. அது என்ரை கைக்கு மட்டுந்தான் படியும்."

பெடலை நான் சுற்றுகிறேன், அல்லது முறைவைத்துச் சுற்றுவோம் என்றேன். ஐயா கேட்கவில்லை. வலை இழுக்கிற கை, நாள் முழுக்கச் சுற்றும் என்றார். அவரால் சும்மா இருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்ததால் விட்டுவிட்டோம்.

முதலில் இரைச்சல், பிறகு யாரோ சீனம் பேசினார்கள், பிறகு கதிரவேலு அண்ணையின் விரல் ஒரு மயிரிழை அசைய, இழுபடும் கிற்றாரும் வயலினும் சேர்ந்து வந்தன. ஐயா ஒரே சீராகச் சுற்றினார். மணிக்கூடு ஓடுவது போல ஒரு சீர். இரண்டு பாட்டுப் போன பிறகு பெயர்கள் தொடங்கின. நாடு வாரியாக அல்ல, அகர வரிசையாகவும் அல்ல, சாக்கிலிருந்து எடுத்த மாதிரி வாசித்தார்கள். கென்யாவில் ஒரு ஆசிரியை. பிலிப்பைன்ஸில் ஒரு மாலுமி. இந்தியாவில் ஷில்லோங் பக்கம் ஒரு குடும்பமே எழுதியிருந்தது. நான் ஒவ்வொன்றையும் கேட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன். கால் மணி நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஜூட் மரி... மரியா..." என்று அறிவிப்பாளர் தடக்குப்பட்டார். தமிழ்ப் பெயரில் தடக்குப்படும் வெள்ளைக்காரர்களின் சிரிப்பு ஒன்றைச் சிரித்தார், மன்னிக்க வேண்டும் என்றார், மறுபடி தொடங்க மூச்சு எடுத்தார். அந்த இடத்தில் ரேடியோ நின்றது.

நான் முதலில் ஏரியல் அறுந்துவிட்டது என்று நினைத்து மேலே பார்த்தேன். றெஜினா டைனமோவைப் பார்த்தாள். பிறகுதான் இருவரும் பெடலைப் பார்த்தோம். ஐயாவின் கை அதைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தது.

"சுத்துங்கோ ஐயா" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுச் சுற்றினார், வேகம் கூடிப்போய் ரேடியோ கிறீச்சிட்டது, சீராகி வந்தபோது நியூசிலாந்தில் ஒரு பெண் தன் கணவனுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி முடியும்வரை கேட்டோம். ஜூட்டின் பெயரை மறுபடி யாரும் சொல்லவில்லை, சொல்வதற்குக் காரணமும் இல்லை.

"அப்பா, ஊர் வர முந்தி ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டாள் றெஜினா. குரல் உயரவில்லை. பெருவிரல் இரண்டும் ரயர்க் கரி படிந்து சிவந்திருந்தன.

"பேரைக் கேட்டன் பிள்ளை. கை தன்ரை பாட்டிலை நிண்டிட்டுது."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு நிமிடம், இன்னும் ஒரே ஒரு நிமிடம் சுற்றியிருந்தால் போதும். இப்போது கையில் இருப்பது ஒரு பெயர் மட்டும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவன் ஆற்றுக்கு முன்னால் நின்று எழுதியதா, கடந்து எழுதியதா? அந்தத் தாய்க்குப் போய் எதைச் சொல்வது, வேகமாகப் போவதா மெதுவாகப் போவதா? கோபத்தை அவரிடம் காட்ட முடியாமல் வாழைத் தோட்டத்துக்குள் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். வந்தபோதும் அவர் அந்தப் பெடலுக்குப் பக்கத்திலேயே, தன் வலது கையைப் பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் கதிரவேலு அண்ணை, ஏதோ சாதாரண விஷயம் போல, இதே நிகழ்ச்சியைப் பின்னேரம் நான்கு மணிக்கு வேறு அலைவரிசையில் திரும்பப் போடுவார்கள் என்றார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் பாய, நீ கேட்டாயா என்றார். பின்னேரம் அது அவ்வளவு தெளிவாக இராது, வந்தாலும் வரும் வராமலும் போகும், ஆனால் என் ரேடியோவில் வரும் என்றார். அவருடைய பெருமையை அன்றுதான் முதல்முறையாக நான் விரும்பினேன்.

காத்திருந்த ஏழு மணி நேரத்தை எழுதினால் உங்களுக்குப் போரடிக்கும், எனக்குப் பைத்தியம் பிடிக்கும். மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் தந்தார்கள். ஐயா தொடவில்லை. நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன், பதற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும். ஐயா தோட்டக்காரரோடு சேர்ந்து வெட்டிய குலைகளை வண்டிலுக்குச் சுமந்தார், கப்பல் வாழைக்குலை இரண்டை ஒரே தடவையில் தூக்கினார். வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை.

நான்கு மணிக்கு என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன் பயணத் தகவல்களை இங்கேயே கொடுத்துவிடுகிறேன். அதை எழுதிய பிறகு எனக்குப் பஸ் விபரம் எழுத மனம் வராது. குருநகரிலோ பட்டணத்திலோ சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்குமுன் பிரேக்கைப் பாருங்கள். காலை ஆறு மணிக்குள் புறப்படுங்கள், பத்து மணிக்குப் பிறகு காங்கேசன்துறை வீதியில் லொறிகளோடு ஓட வேண்டியிருக்கும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மார்கழியில் வராதீர்கள், செம்மண் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். மருதனார்மடத்தில் சந்தையையும் கோயிலையும் பார்த்துவிட்டு அங்கேயே காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது, நீர்வேலி வரையில் நல்ல கடை கிடையாது. தோட்டங்களுக்குள் போக ஆசைப்பட்டால் படலையில் நின்று கேளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள், ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் கையில் தந்தனுப்புவார்கள். திரும்பும்போது கோப்பாய் வழி மேடு பள்ளம் இல்லாத வீதி. சைக்கிள் ஓட முடியாதவர்களுக்குப் பட்டணத்திலிருந்து நீர்வேலி வழியாகப் பருத்தித்துறை பஸ் போகிறது. முக்கியமான ஒன்று: போகிற நோக்கம் எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் கொஞ்சம் பாருங்கள். நான் பார்க்காமல் போனதைப் பார்க்கப் பிறகு மூன்று தடவை போக வேண்டியிருந்தது.

மூன்றரைக்குப் பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர் ஒன்று வந்தது. தோட்டத்துக்கு மேலே தாழ்வாக வட்டமடித்தது. எல்லோரும் வாழைக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினோம், கணுக்கால் அளவு மழைத் தண்ணீர். கதிரவேலு அண்ணை ரேடியோவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெலி போகவில்லை. இன்னொரு சுற்று, இன்னொன்று. நான்கு மணியாக ஐந்து நிமிடம் இருந்தபோது அது வடக்கே திரும்பியது. போய்விட்டதா, திரும்பி வருமா என்று யாரும் பார்க்கவில்லை. ஐயாதான் முதலில் வெளியே ஏறினார்.

இந்தத் தடவை பெடலை நான் பிடித்தேன். நீங்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருங்கள், பெயரை நீங்களும் கேட்பீர்கள் என்று நயமாகச் சொன்னேன். கதிரவேலு அண்ணையும் தம்பி சொல்வதுதான் சரி என்றார். ஐயா என் கையைப் பிடித்து, முரட்டுத்தனம் இல்லாமல், பெடலிலிருந்து எடுத்துவிட்டார்.

"என்ரை பிள்ளையின்ரை பேர். நான்தான் சுத்துவன். இப்ப நிக்கமாட்டன்."

றெஜினா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குந்தியிருந்து டைனமோவில் விரலை வைத்தாள். அவள் தகப்பனை நம்பிய பிறகு நான் என்ன சொல்ல? எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

பின்னேரத்து அலை மோசம். பாட்டுப் போய்ப் போய் வந்தது, கடலுக்கு அடியிலிருந்து யாரோ பாடுவது போல. கதிரவேலு அண்ணை கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் தடவினார், வியர்வை மூக்கு நுனியில் நின்றது. கென்யா ஆசிரியை பாதிதான் வந்தாள். மாலுமி வரவேயில்லை. ஷில்லோங் குடும்பம் தெளிவாக வந்தது. ஐயா சுற்றினார். காலையில் எந்த வேகமோ அதே வேகம். அவர் ரேடியோவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வேலியில் எங்கோ ஒரு ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜூட் மரி... மரியா..."

அதே தடக்கல், அதே சிரிப்பு, அதே மன்னிப்பு. சங்கிலிச் சத்தம் மாறவில்லை. அறிவிப்பாளர் மூச்சு எடுத்து, இம்முறை மெதுவாக, மரியநாயகம் என்று துண்டு துண்டாகச் சொன்னார். யாழ்ப்பாணம் என்றார். இரைச்சல் ஓர் அலையாக வந்து மூடப் பார்த்தது. கதிரவேலு அண்ணையின் விரல் அசைந்தது. தற்போது டோர்ட்முண்ட் என்றார் அறிவிப்பாளர், அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

உடுவிலில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுப் பொடியன்கள் அந்த ஜேர்மன் ஊரில்தான் இருந்தார்கள். அந்தப் பெயர் எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சுன்னாகம் மாதிரிப் பழகிய பெயர். அதனாலேயே தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று மனம் ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்தது. இல்லை, சரியாகத்தான் கேட்டேன்.

ஐயா சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஆத்துக்கு எந்தப் பக்கம் தம்பி?"

"அந்தப் பக்கம் ஐயா. கடந்து நல்ல தூரம்."

அவர் தலையை ஆட்டினார். றெஜினா முகத்தைத் தோளில் துடைத்தாள், கை இரண்டும் வேலையாக இருந்தன. எனக்குக் காலையில் அவர்மேல் வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மீதிப் பெயர்கள் வந்தன, கடைசிப் பாட்டு வந்தது, நிகழ்ச்சி முடிந்து யாரோ கால்நடைத் தீவனத்தின் விலை வாசித்தார்கள். கதிரவேலு அண்ணை ரேடியோவை நிறுத்தி, அதன் சட்டையை எடுத்துப் போட்டார். ஐயா இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்.

"காணும் அண்ணை, விடுங்கோ. முடிஞ்சுது" என்றார் கதிரவேலு அண்ணை.

"இன்னும் கொஞ்சம் சுத்திறன்" என்றார் ஐயா. "இப்ப விட்டால் நான் அழுதுபோடுவன்."

யாரும் அவரைத் தடுக்கவில்லை. ரேடியோ நின்ற பிறகும் றெஜினா டைனமோவிலிருந்து விரலை எடுக்கவில்லை.